100 கோடியில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம்: பங்குதாரர்களைச் சேர்ப்பது எப்படி?

நொய்யல்கரை:

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மில், மருத்துவமனை, பள்ளி நடத்துகிற 40 பேர் சேர்ந்து புதிதாக ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. சட்டப்படி குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி என்று படித்தோம். 40 பேரும் தலைக்கு 1 கோடி போட்டால் 40 கோடி. மீதி 60 கோடியை, ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, 6,000 பேரிடம் தலைக்கு 1 லட்சம் வாங்கலாம் என்பது திட்டம். பங்கு வாங்கியவர்களே பாலிசியும் எடுப்பார்கள், ஏஜென்ட்டாகவும் வருவார்கள், அதனால் விற்பனைச் செலவு குறையும் என்று ஒரு கணக்கு.

கேள்விகள்: அனுமதி எந்த வரிசையில் வாங்க வேண்டும்? பங்குப் பணத்தை எந்தக் கட்டத்தில் வாங்கலாம்? பங்குதாரருக்கு எத்தனை வருடத்தில் டிவிடெண்ட் என்று சொல்லலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மயிலை செயலர்:

6,000 பேர் என்ற இடத்திலேயே திட்டம் நின்றுவிடுகிறது சார்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 42-இன்படி தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்குவதென்றால் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கவே கூடாது. தகுதி பெற்ற நிறுவன முதலீட்டாளர்களும், பங்குத் திட்டத்தில் வாங்கும் ஊழியர்களும் இந்த 200-இல் வரமாட்டார்கள். யார் யாருக்கு என்று முன்கூட்டியே பெயர் எழுதி பிஏஎஸ்-4 என்ற அழைப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். விளம்பரம் கூடாது. மண்டபம் பிடித்து, மைக் வைத்து, நோட்டீஸ் அடித்தால் அது பொது வெளியீடு, அதாவது பொதுமக்களிடம் பங்கு விற்பது. பணம் ரொக்கமாக வாங்கக் கூடாது, தனி வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதுவும் தவறினால் 60-ஆம் நாள் முடிந்ததிலிருந்து 12% வட்டி. ஒதுக்கிய 15 நாளுக்குள் பிஏஎஸ்-3 என்ற ஒதுக்கீட்டு விவரப் படிவம் தாக்கல். அதைத் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: பணம் கணக்கில் விழுந்த மறுவாரமே ஆபீஸ் அட்வான்ஸுக்கு செக் போட்டுவிடுவார்கள்.

"தெரிந்தவர்கள்தானே, உறவுக்காரர்கள்தானே" என்ற வாதமும் எடுபடாது. சஹாராவின் இரண்டு கம்பெனிகள் தனிப்பட்ட ஒதுக்கீடு என்று சொல்லி ஏறக்குறைய 3 கோடிப் பேரிடம் பணம் திரட்டிய வழக்கில், 15% வட்டியோடு திருப்பித் தரும்படி 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் என்ன பெயர் வைத்தாலும் அது பொது வெளியீடுதான் என்பது அதில் உறுதியானது.

சரி, 6,000 பேரையும் ஓர் எல்எல்பி-யில் (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) சேர்த்து, அந்த எல்எல்பி பங்கு வாங்கினால்? அது கூட்டு முதலீட்டுத் திட்டமாகிவிடும், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பதிவு கேட்கும். மாற்று முதலீட்டு நிதியாகப் பதிவு செய்தால் ஆளுக்குக் குறைந்தது 1 கோடி. 1 லட்சக்காரர்களுக்கு அந்த வாசலும் மூடியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல், உங்கள் 40 பேர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிகளில் புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கிப் பொறுப்பேற்பவர்) வேறு, முதலீட்டாளர் (பணம் மட்டும் போடுபவர்) வேறு. புரமோட்டர்கள் சேர்ந்து குறைந்தது 50% வைத்திருக்க வேண்டும். முதலீட்டாளர் ஒருவர் 25% வரை வைத்திருக்கலாம், முதலீட்டாளர் எல்லோரும் சேர்ந்தாலும் 50%-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் கணக்கில் 40 பேர் சேர்ந்தும் 40%-தான். அதிலும் ஆளுக்கு 1% வைத்துக்கொண்டு 40 பேரும் புரமோட்டர் என்றால், "நாளைக்கு நிறுவனம் தடுமாறினால் நாங்கள் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?" என்பார்கள். பின்னால் ஒரு வலுவான கம்பெனியோ வங்கியோ நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

வரிசை இதுதான். பெயரில் 'இன்ஷூரன்ஸ்' வரவேண்டுமானால் முதலில் ஐஆர்டிஏஐயின் ஆட்சேபணையின்மைக் கடிதம், பிறகு பப்ளிக் லிமிடெட் கம்பெனிப் பதிவு. அடுத்தது ஆர்1 என்ற முதல் கட்ட விண்ணப்பம்: புரமோட்டர்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது, முந்தைய ஆண்டுகளின் கணக்கு, பங்குதாரர் ஒப்பந்தம், வணிகத் திட்டம், ஆக்சுவரியின் (காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்) கணிப்பு எல்லாம் இதில் போகும். அதில் தேறினால் ஆர்2 என்ற இரண்டாம் கட்ட விண்ணப்பம்: மூலதனம் முழுக்கக் கட்டிய சான்று, தலைமை அதிகாரி, நியமன ஆக்சுவரி, மென்பொருள், மறுகாப்பீட்டு ஏற்பாடு (நம் பொறுப்பில் ஒரு பகுதியை வேறு நிறுவனத்திடம் காப்பீடு செய்வது). கடைசியில் ஆர்3 என்ற பதிவுச் சான்றிதழ். அது கிடைத்த 12 மாதத்துக்குள் பாலிசி விற்கத் தொடங்க வேண்டும்.

ஆர்1-க்கு முன்னால் முதலீட்டாளர்களிடம் கையெழுத்தான ஒப்புதல் கடிதம் போதும், பணம் வாங்காதீர்கள். முழுத் தொகையையும் ஆர்2 கட்டத்தில் வாங்குங்கள். முன்பே வாங்கிவிட்டு ஆர்1 ஒரு வருடம் இழுத்தால் மேலே சொன்ன 60 நாள் கணக்கு கழுத்தைப் பிடிக்கும். பணம் சொந்தப் பணமாக இருக்க வேண்டும், மில்லை அடமானம் வைத்துக் கடன் வாங்கிப் பங்கு போடுவதை ஏற்கமாட்டார்கள்.

இன்னொன்று: "பாலிசி எடுத்தால் பங்கு", "பங்கு எடுத்தால் பிரீமியத்தில் தள்ளுபடி" என்று இரண்டையும் முடிச்சுப் போட்டால் காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 41-இல் மாட்டுவீர்கள். அபராதம் 10 லட்சம் வரை.

ஆக்சுவரி அண்ணாநகர்:

சட்டம் செயலர் சொல்லிவிட்டார். கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் 100 கோடி முழுக்கக் கையில் இருந்தாலும் இந்த நிறுவனம் ஓடாது.

காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 64விஏ-இன்படி, சொத்து கடன்பொறுப்பைவிட எப்போதும் குறைந்தபட்ச மூலதனத்தில் பாதியாவது, அதாவது 50 கோடியாவது, கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு பாலிசிகூட விற்காத நிறுவனத்துக்கும் தேவையான சால்வென்சி, அதாவது இந்தக் கூடுதல் சொத்து, 50 கோடிதான். ஐஆர்டிஏஐ கேட்பது அதில் 150%. ஆக 75 கோடி தொட முடியாத பணம். நீங்கள் செலவழிக்கவோ நட்டப்படவோ முடிவது 25 கோடி மட்டும்.

அந்த 25 கோடி எப்படிக் கரையும் என்று எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. தலைமையகம், சில கிளைகளுக்கு மேசை, நாற்காலி, உள் அலங்காரம் 5 கோடி: சால்வென்சிக் கணக்கில் தளவாடத்துக்கு மதிப்பு பூஜ்யம், 5 கோடியும் போச்சு. பாலிசி நிர்வாக மென்பொருள், சர்வர் 20 கோடி: கணினியையும் மென்பொருளையும் முதல் வருடம் விலையில் 75%-க்கு எடுப்பார்கள், இரண்டாம் வருடம் 50%, மூன்றாம் வருடம் 25%, அப்புறம் ஒன்றுமில்லை. முதல் வருடமே 5 கோடி குறையும். ஆர்3 வருவதற்கு முந்தைய காலத்துச் சம்பளம், வாடகை, ஆலோசகர் கட்டணம் 15 கோடி. கூட்டினால் 25. முதல் பாலிசி விற்பதற்கு முன்பே சரியாக 150%-இல் நிற்கிறீர்கள். கையில் மீதி உள்ள 60 கோடியை அரசுப் பத்திரத்தில் போட்டால் வருடத்துக்கு 4 கோடி போல வட்டி வரும். அடுத்த வருடம் மென்பொருளில் கழியும் 5 கோடிக்கே அது போதாது.

இனிமேல்தான் வணிகம். ஆயுள் காப்பீட்டில் அதிகம் விற்றால் அதிகம் நட்டம், முதல் சில வருடங்களுக்கு. வருடம் 1 லட்சம் பிரீமியம், 20 வருடப் பாலிசி ஒன்று விற்றதாக வையுங்கள். ஏஜென்ட் கமிஷன் 30,000. கிளை, சம்பளம், மருத்துவப் பரிசோதனை, முத்திரைத் தீர்வை, விளம்பரம் எல்லாம் பங்கு போட்டால் 55,000. வருட முடிவில் பாலிசிதாரருக்காக ஒதுக்க வேண்டிய ரிசர்வ் 40,000. மொத்தம் 1,25,000. வந்தது 1 லட்சம். 25,000 பங்குதாரர் பையிலிருந்து. இதுதான் புது வணிக அழுத்தம். 100 கோடி முதல் வருட பிரீமியம் விற்றால் 25 கோடி ஓட்டை. அடுத்த வருடம் 150 கோடி விற்றால் 37.5 கோடி. பழைய பாலிசிகளின் ரினியூவலில் கிடைப்பது அதில் ஒரு பகுதியைத்தான் அடைக்கும். எண்கள் பாலிசி வகைக்கு வகை மாறும், திசை மாறாது.

அண்மை மாற்றங்கள் இரண்டு இந்த அழுத்தத்தைக் கூட்டியிருக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல், ஒரு வருட பிரீமியம் கட்டி ஓராண்டு முடிந்தாலே, பாலிசியைப் பாதியில் விடுபவருக்கு சிறப்பு சரண்டர் மதிப்பு தர வேண்டும். முன்பெல்லாம் இரண்டாம் வருடம் நின்றுபோன பாலிசியின் பணத்தில் பெரும்பகுதி நிறுவனத்திடமே தங்கும். வெளியே யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பல நிறுவனங்களின் கணக்கு அதைச் சார்ந்திருந்தது. இரண்டாவது, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. வாடிக்கையாளருக்கு நல்லது. ஆனால் வாடகைக்கும், கமிஷனுக்கும், மென்பொருளுக்கும் நாம் கட்டும் ஜிஎஸ்டியை இனி கழிக்க முடியாது, அது நேராகச் செலவு.

ஆர்1-க்குக் கொடுக்கும் திட்டத்தில், முதல் ஐந்து வருடத்துக்கு ஒவ்வொரு மார்ச் 31-லும் சால்வென்சி எவ்வளவு, எந்தக் காலாண்டில் எவ்வளவு மூலதனம் கூடுதலாக வரும், யார் போடுவார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். 150%-ஐ ஒட்டியே திட்டம் போடாதீர்கள், 180-க்குக் கீழே இறங்குவதாகக் காட்டினாலே கேள்வி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், கிளைகளும் ஏஜென்ட்களும் வைத்து நடத்தும் நிறுவனத்துக்கு 400, 500 கோடி உறுதி இல்லாமல் இறங்குவது வீண்.

நொய்யல்கரை:

தெளிவாகச் சொன்னதற்கு இருவருக்கும் நன்றி. 6,000 பேர் யோசனையை விட்டுவிடுகிறோம். 200-க்குள், பெரிய தொகை போடக்கூடியவர்களை மட்டும் சேர்த்தால்? அவர்களுக்கு என்ன சொல்லி அழைப்பது? டிவிடெண்ட் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பங்குக்கணக்கு:

டிவிடெண்ட் என்ற சொல்லையே அழைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சேர்ந்த நட்டம் முழுக்க அடைபடும்வரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2000-இல் உரிமம் பெற்ற எச்டிஎஃப்சி லைஃப் முதன்முதலில் லாபம் காட்டியது 2011-12-இல். எஸ்பிஐ லைஃப் மட்டும் 2005-06-லேயே மெல்லிய லாபம் காட்டியது, அதற்குக் காரணம் ஸ்டேட் பேங்க் கிளைகள். உங்களிடம் அப்படிப்பட்ட கிளைகள் இல்லை என்றால் 8 முதல் 10 வருடம் என்று சொல்வதே நேர்மை.

முதலீட்டாளருக்குப் புரிய வேண்டிய முதல் விஷயம், இது ஒருமுறை போடும் பணம் இல்லை. 100 கோடியில் ஒருவர் 1 கோடி போட்டால் 1%. நான்கு வருடத்தில் முகமதிப்பிலேயே இன்னும் 400 கோடி திரட்டுகிறீர்கள், அவர் போடவில்லை என்றால் அவர் பங்கு 0.2%. சிறிய தொகைக்காரர்களோடு நடக்கும் சண்டை எல்லாம் இதில்தான். "எங்களை ஏமாற்றி எங்கள் பங்கைக் குறைத்துவிட்டார்கள்" என்பார்கள். அதனால் 1 கோடி போட நினைப்பவரிடம் 5 கோடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் 1, மீதி 4 கோடியை எந்த நிபந்தனையில், எத்தனை நாள் நோட்டீஸில் போட வேண்டும் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். போடத் தவறினால் உரிமையை யாருக்கு விடுவது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, வெளியேறும் வழி. தொடக்கத்தில் வாங்கிய பங்குக்கு ஆர்3 தேதியிலிருந்து 5 வருடப் பூட்டு, அதுவரை விற்க முடியாது. பிறகும், வாங்குபவர் கையில் 5%-க்கு மேல் சேருமானால் ஐஆர்டிஏஐயின் முன் அனுமதி வேண்டும். பட்டியலிடப்படாத பங்கு என்பதால் அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்காது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் வாங்காதீர்கள்.

மூன்றாவது, வருவாயை எதில் அளப்பது. லாப நட்டக் கணக்கு முதல் எட்டு, பத்து வருடம் சிவப்பில்தான் இருக்கும். விவரம் தெரிந்த முதலீட்டாளர் பார்ப்பது எம்பெடட் வேல்யூவும் புது வணிக மதிப்பும் (அந்த வருடம் விற்ற பாலிசிகளிலிருந்து வரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பு). இன்றைய நிகரச் சொத்து, அதோடு ஏற்கெனவே விற்ற பாலிசிகளிலிருந்து இனி வரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பு, இரண்டும் சேர்ந்தது எம்பெடட் வேல்யூ. இந்த எண்ணைத் தாங்கிப் பிடிப்பது பாலிசி நீடிப்பு. 100 கோடி விற்றதில் 13-ஆம் மாதம் 80 கோடி திரும்ப வருகிறதா, 65 கோடி வருகிறதா என்பதில்தான் எல்லாம். மார்ச் மாதத்தில் இலக்குக்காகத் திணித்த பாலிசிகள் அடுத்த மார்ச்சில் வராது, கமிஷன் மட்டும் போயிருக்கும். எம்பெடட் வேல்யூ பெரிதாக இருந்தாலும் சந்தை அப்படியே மதிக்கும் என்றும் இல்லை: எல்ஐசி பங்கை அரசு 2022 மே மாதம் 949 ரூபாய்க்கு, எம்பெடட் வேல்யூவின் ஏறக்குறைய 1.1 மடங்கில்தான் விற்றது. பட்டியலான முதல் நாளே விலை அதற்குக் கீழே போனது.

லாபத்தைப் பிரிப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. போனஸ் தரும் பாலிசிகளின் உபரியில் 90%-க்குக் குறையாமல் பாலிசிதாரருக்கு, பங்குதாரருக்கு அதிகபட்சம் 10%. டெர்ம் (இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி), உத்தரவாத வருவாய்த் திட்டம் போன்றவற்றில் லாபமும் நட்டமும் முழுக்கப் பங்குதாரருடையது. எந்த வகை பாலிசி எவ்வளவு விற்கப் போகிறீர்கள் என்று கேட்காத முதலீட்டாளர், நட்டக் கணக்கு முதன்முறை வரும்போது ஓடிவிடுவார்.

கிளைவாசல்:

விற்பனைப் பக்கமிருந்து ஒன்று. பணம் கொண்டுவரும் பங்குதாரரைவிட வாடிக்கையாளரைக் கொண்டுவரும் பங்குதாரரைத் தேடுங்கள்.

2011-இல் எடெல்வைஸ் டோக்கியோ வந்த பிறகு 2023 வரை ஒரு புது ஆயுள் நிறுவனமும் வரவில்லை. 2023-இல் உரிமம் வாங்கிய மூன்றைப் பாருங்கள்: ஆக்கோ லைஃப், கோ டிஜிட் லைஃப், கிரெடிட் ஆக்சஸ் லைஃப். முதல் இரண்டுக்கும் பொதுக் காப்பீட்டில் ஏற்கெனவே வாடிக்கையாளர்களும் மென்பொருளும் இருந்தன. மூன்றாவதற்குப் பின்னால் நுண்கடன் குழுமம். கடன் வாங்குபவருக்குக் கடன் தொகை அளவுக்கு குழுக் காப்பீடு: ஏஜென்ட் செலவு இல்லை, பிரீமியம் மொத்தமாக வரும். வெறுங்கையோடு யாரும் வரவில்லை.

உங்கள் பக்கத்தில் வீட்டுக்கடன் நிறுவனம், நுண்கடன் நிறுவனம், சிறு நிதி வங்கி என்று கடன் கொடுக்கும் ஒன்று 10 அல்லது 15% பங்குக்கு வந்தால் அது 200 தனிநபர்களுக்குச் சமம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ரிசர்வ் வங்கியின் அனுமதி அவர்களுக்குத் தனியாக வேண்டும், நேரம் பிடிக்கும். அடுத்தது, கார்ப்பரேட் ஏஜென்ட் (பாலிசி விற்கும் வங்கி போன்ற நிறுவனம்) இப்போது ஆயுள் காப்பீட்டில் 9 நிறுவனங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். பங்கு எடுத்தவர் உங்கள் பாலிசியை மட்டும் விற்பார் என்று கனவு காணாதீர்கள். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் எந்த நிறுவனத்தின் பாலிசி சீக்கிரம் கம்ப்யூட்டரில் ஏறுகிறதோ அதைத்தான் விற்பான். மருத்துவப் பரிசோதனை இல்லாத பாலிசி 15 நிமிடத்தில் வெளிவர வேண்டும்.

பங்குதாரர்களே ஏஜென்ட் ஆவார்கள் என்ற உங்கள் கணக்கும் தேறாது. ஒவ்வொருவரும் பயிற்சி முடித்துத் தேர்வு எழுத வேண்டும். எழுதியவர்களும் முதல் பத்து பாலிசியைச் சொந்தத்துக்குள் விற்றுவிட்டு நின்றுவிடுவார்கள்.

வெளிநாட்டுக் கூட்டாளி என்று யாராவது சொன்னால் இதையும் யோசியுங்கள்: 2000-இல் 26%, 2015-இல் 49%, 2021-இல் 74% என்றிருந்த அந்நிய முதலீட்டு வரம்பை 100% ஆக்கும் திருத்தம் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. முன்பு அவர்களுக்கு உள்ளூர்க் கூட்டாளி கட்டாயம் தேவை, இனி அந்தக் கட்டாயம் இல்லை. உங்களிடம் விற்பனை வழி இருந்தால்தான் பேசவே உட்காருவார்கள்.

(சென்னை அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் முதலில் திட்டமிடப்பட்டது யுனைடெட் இந்தியா லைஃபுக்காக. 1906-இல் மதராஸில் தொடங்கிய நிறுவனம் அது. 1956-இல் 245 நிறுவனங்களை அரசு ஒன்றாக்கியபோது அதுவும் போனது. நம் ஊர்க்காரர்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் இல்லை, ஆனால் அன்றைய மூலதனக் கணக்கு இன்று உதவாது.)

நொய்யல்கரை:

40 பேரில் உண்மையிலேயே 5 கோடிக்கு மேல் போடக்கூடியவர்கள் எட்டோ ஒன்பதோ பேர்தான். அப்படியானால் 50 கோடிக்குள் இந்தத் துறையில் செய்ய வேறு என்ன இருக்கிறது?

மயிலை செயலர்:

நேரடித் தரகர் உரிமம். குறைந்தபட்ச மூலதனம் 75 லட்சம், அதில் 10 லட்சம் வங்கி வைப்பாக வைக்க வேண்டும். ஆயுள், பொது, மருத்துவம் என எல்லா நிறுவனங்களின் பாலிசியும் விற்கலாம். ஒரு முதன்மை அதிகாரி, தகுதி பெற்ற ஊழியர்கள், தொழில் பொறுப்புக் காப்பீடு வேண்டும். சால்வென்சி, ரிசர்வ் தொல்லை இல்லை, இறப்புக் கோரிக்கை உங்கள் பணத்திலிருந்து போகாது. மில் தொழிலாளர்களுக்கான குழுக் காப்பீடு, மருத்துவமனை ஊழியர் பாலிசி, பள்ளி வாகனங்கள் என்று உங்கள் 40 பேரிடமே வேலை இருக்கிறது. அதோடு மறுகாப்பீடும் சேர்த்துச் செய்யும் கூட்டுத் தரகர் என்றால் மூலதனம் 5 கோடி, அது இப்போதைக்கு வேண்டாம்.

கம்பெனியின் குறிக்கோள் பத்திரத்தில் காப்பீட்டுத் தரகு மட்டும் இருக்கட்டும். நூல் வியாபாரம், ரியல் எஸ்டேட் என்று பழக்க தோஷத்தில் பத்து குறிக்கோள் எழுதிவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

ஆக்சுவரி அண்ணாநகர்:

தரகு தொடங்கினால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பாலிசிக்கும் வயது, தொழில், பின்கோடு, பிரீமியம் கட்டிய தேதி, நின்ற தேதி, இறப்புக் கோரிக்கை ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து ஆர்1-க்குப் போக நினைத்தால், 13-ஆம் மாத, 61-ஆம் மாத நீடிப்பு விகிதம் சொந்த எண்ணிலிருந்து வரும். முதலீட்டாளர் கேட்கும் முதல் தாள் அதுதான். 61-ஆம் மாத எண் வேண்டுமானால் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியிருக்க வேண்டும், அதனால் இப்போதே எக்செல்லில் போட ஆரம்பித்தாலும் சரி.